எழவு விழாத வீடு

ராசிபுரம்,
ஆவணி.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்புச்சி எழுதுவது. நீ கூரியரில் அனுப்பின திரைக்கதை போன வாரம் வந்து சேர்ந்தது. தொண்ணூற்றாறு பக்கம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று நாளில் படித்து முடித்தேன். உன் அம்மாயி அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனையும் ஒரே படமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டு எடவேள உடோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முதல் விமரிசனம் அது.

போனில் சொல்லச் சொன்னாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நான்கு சொல்லிவிடுகிறாய். காகிதமென்றால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் கடிதம்.

உன் சினிமா வகுப்பில் கேமராக்காரர், எடிட்டர் என்று எல்லாரையும் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். ரெப் என்று ஒரு ஜென்மம் இருந்ததைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் 'சேலம் ஏரியா'வில் முப்பத்தொரு வருசம் ரெப். படப்பெட்டியோடு பஸ் ஏறி, மல்லசமுத்திரம், சேந்தமங்கலம், ஆத்தூர் என்று எந்தக் கொட்டகையில் படம் ஓடுகிறதோ அங்கேயே தங்கி, ஷோவுக்கு ஷோ டிக்கெட் அடிக்கட்டை எண்ணி, விநியோகஸ்தருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். தியேட்டர்காரர் கள்ளக் கணக்கு எழுதாமல் பார்ப்பதுதான் வேலை. அதனால் தரை டிக்கெட்டில் எத்தனை தலை, பெஞ்சில் எத்தனை தலை என்று இருட்டில் நின்று எண்ணுவேன். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களின் முகத்தையே பார்த்துக் காலம் தள்ளினவன் நான். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் முறுக்கு கடிக்கிற சத்தம் நிற்கிறது, எந்த இடத்தில் பீடி பற்ற வைக்க வெளியே போகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சினிமாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எண்ணுகிற பழக்கம் போகவில்லை. உன் கதையையும் எண்ணித்தான் படித்தேன். துப்பாக்கி ஐந்து. கொலை ஏழு. பனி பெய்கிற காட்சி பதினொன்று. சிரிப்பு வந்த இடம் எனக்கு ஒன்பது, அது நல்ல கணக்கு. ஆனால் ஏழு பேர் செத்தும் உன் கதையில் ஒரு வீட்டிலும் எழவு விழவில்லை, அம்மிணி. சுடுகிறார்கள், விழுகிறான், ஒரு வசனம், அடுத்த காட்சி. செத்தவனுக்கு அம்மா இல்லை, பெண்டாட்டி இல்லை, அவன் வாங்கின கடன் இல்லை. உன் கதை நடக்கிற ப்ராக் நகரத்தில் பிணத்தை எடுத்துப் போட நகராட்சிகூட இல்லை போலிருக்கிறது.

இருபத்து மூன்றாம் பக்கத்தைச் சொல்கிறேன். டிராம் டிக்கெட் எடுத்தது யார் காசு என்று உன் ரவுடிகள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கை தவறித் துப்பாக்கி வெடித்து அந்தக் கிடங்கின் இரவுக் காவலாளி செத்துப்போகிறான். டிக்கெட் சண்டையில் நானும் சிரித்தேன். நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் தினம் நடக்கிற சண்டைதான். குண்டு பட்டதும் சிரிப்பு நின்றது. அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று ஆசையோடு பக்கத்தைத் திருப்பினால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு பாலத்தில் நின்று காபி குடிக்கிறார்கள். காவலாளியை அதற்கப்புறம் தொண்ணூற்றாறாம் பக்கம் வரை தேடினேன். காணோம்.

நீ பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, "இது மாதிரி எடுக்கணும் அப்புச்சி" என்றாயே, 'இன் ப்ரூஜ்', அதை இரண்டு தடவை பார்த்தேன். 2008இல் வந்த படம். இரண்டாம் தடவை உன் மாமன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்துக்கு அர்த்தம் சொன்னான். அதில் வருகிற கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் அவனுக்குத் திடீரென்று இங்கிலீஷ் மறந்துபோனது.

படத்தைக் கவனித்தாயா நீ, இல்லை அதன் மினுக்கை மட்டும் பார்த்தாயா? கூலிக்குக் கொலை செய்யும் ரே என்ற இளவட்டத்துக்கு அதுதான் முதல் வேலை. ஒரு பாதிரியாரைச் சுடுகிறான். குண்டு அவரைத் தாண்டிப் போய், பாவமன்னிப்புக்காகக் காத்திருந்த சின்னப் பையன் ஒருவன்மேல் படுகிறது. பையன் தன் பாவங்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது, கணக்கு வராமல் போவது, வருத்தமாக இருப்பது. அவ்வளவுதான் அந்தக் குழந்தை செய்த பாவம். இதைக் காட்டிவிட்டு அப்புறமும் படம் முழுக்க நம்மைச் சிரிக்க வைக்கிறார் அந்த மார்ட்டின் மெக்டொனா. சிரித்துக்கொண்டே இருக்கிறோம், ஆனால் அந்தப் பையன் கொட்டகையில் நமக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டான். கடைசி வரை எழுந்து போகவில்லை.

ரேயைக் கொல்லச் சொல்லி அவனுடைய மூத்த கூட்டாளி கென்னுக்கு முதலாளியிடமிருந்து உத்தரவு வருகிறது. கென் துப்பாக்கியோடு பூங்காவுக்குப் போகிறான். அங்கே போனால் ரே தன் தலையில் தானே துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். கொல்ல வந்தவன் பதறி, சாகாதே என்று தடுக்கிறான்! இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது தொண்டை அடைத்தது. இரண்டும் ஒரே மூச்சில். அதுதான் நீ எடுக்க ஆசைப்படுகிற வகை. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? வசனத்தின் சாமர்த்தியத்திலிருந்து வரவில்லை. ஒரு குழந்தை செத்த கணக்கு தீராமல் நிற்கிறது, அதைத் தாங்க முடியாமல் ஒருவன் சாகத் துணிந்திருக்கிறான். அந்தக் கனம் ஒரு தட்டில் இருப்பதால்தான் இன்னொரு தட்டில் சிரிப்பு மேலே எழும்புகிறது. நீ முதல் தட்டைக் காலியாக வைத்துவிட்டு இரண்டாம் தட்டில் வசனத்தை அடுக்கியிருக்கிறாய்.

கடைசியில் முதலாளி ஹாரியும் வந்து சேருகிறான். தங்கும் விடுதியின் படியில் விடுதியை நடத்துகிற கர்ப்பிணிப் பெண் வழி விடாமல் நிற்கிறாள். கொல்ல வந்தவனும் சாக வேண்டியவனும், அவள் மேல் குண்டு பட்டுவிடக் கூடாது என்று, நீ சன்னல் வழியாக வாய்க்காலில் குதி, நான் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று பேசி முடிவு செய்கிறார்கள். நம்ம பக்கத்தில் இரண்டு பங்காளிகள் வரப்பு வெட்டுக்கு அரிவாளோடு நிற்கும்போது நடுவில் கைக்குழந்தைக்காரி வந்தால் எப்படி ஒதுங்கி வழி விட்டுவிட்டு மறுபடி சண்டைக்கு நிற்பார்களோ, அதே மரியாதை. கொலைகாரனுக்கும் ஒரு நெறி இருக்கிறது, அந்த நெறியே அவனைக் கொல்கிறது. ஹாரி எப்படிச் செத்தான் என்பது உனக்குத் தெரியும், எழுத வேண்டாம். உன் கதையில் வருகிற ஐந்து ரவுடிகளில் யாருக்காவது இப்படி ஒரு விட்டுக்கொடுக்காத நெறி உண்டா என்று யோசித்துப் பார்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். "வெளிநாட்டில் நடந்தால்தான் எடுபடும் அப்புச்சி" என்று சொன்னாய். வெளிநாடு வேண்டாம், நம்ம ஊரிலேயே எடு என்று நான் புத்தி சொல்வேன் என்று நினைத்திருப்பாய். சொல்ல மாட்டேன். சேலத்துச் சினிமாக்காரன் அதைச் சொல்லவே முடியாது. திருச்செங்கோட்டில் நெசவு, நூல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் துணித் தொழில் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போனவர். படிப்போடு கிளாடிஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணையும் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் மில் வைக்காமல், முப்பதுகளின் நடுவில் ஏற்காடு அடிவாரத்துச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைக் கட்டினார். முதல் படம் 1937இல் 'சதி அகல்யா'. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938இல் அங்கேதான் தயாரானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கேதான். மில்லுக்குச் சங்கு ஊதுகிற மாதிரி நேரத்துக்கு வேலை, நூற்றுக்கும் மேலே படம். 1945இல் 'பர்மா ராணி' எடுத்தார்கள், யுத்தகாலத்துப் பர்மாவில் நடக்கிற கதை. பாக்தாத் வேண்டுமா, பர்மா வேண்டுமா, எல்லாம் சேலத்தில் கிடைத்தது. ஐரோப்பாவைக் கண்ணால் பார்த்தவர் நடத்தின கம்பெனி அது. இன்றைக்கு அந்தச் சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே குடியிருப்பு. உன்னைச் சின்ன வயதில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகும்போது காட்டினேன், நீ ஐஸ்கிரீம் கேட்டு அழுதுகொண்டிருந்தாய்.

அதனால் ப்ராக்கில் வை, பாரிஸில் வை. ஆனால் அந்த ஊரில் உனக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். மெக்டொனா தன் படம் நடக்கிற ப்ரூஜ் ஊருக்குச் சுற்றிப் பார்க்கத்தான் போனாராம். முதலில் அழகில் சொக்கிப்போனாராம், கொஞ்ச நேரத்திலேயே சலித்துக் கொட்டாவி விட்டாராம். அந்த இரண்டு மனசையும் இரண்டு ஆளாக்கிவிட்டார். சொக்குகிறவன் கென், கொட்டாவி விடுகிறவன் ரே. அந்த ஊரின் சரித்திரமும் கதைக்குப் பொருந்தித்தான் இருக்கிறது. நடுக்காலத்தில் துணி வியாபாரத்தில் கொழித்த பட்டணம். கடலுக்குப் போகும் ஸ்வின் நீர்வழி மண் மூடிப் போகவும் கப்பல் வராமல், வியாபாரமெல்லாம் ஆன்ட்வெர்ப்புக்கு நகர்ந்துவிட்டது. இடித்துக் கட்டக் கையில் காசில்லாததால் பழைய ஊர் அப்படியே நின்றது. 2000இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக்கியது. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் திரிசங்குவாக நிற்கிற ஊருக்கு, சொர்க்கமா நரகமா என்று தெரியாமல் நிற்கிற ஒருவனை அனுப்புகிறார்கள். ஊரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. உன் ப்ராக்கில் பனி பெய்கிறது, பாலம் இருக்கிறது. அதைத் தவிர அந்த ஊர் கதைக்கு என்ன செய்கிறது? தனுஷ் நடித்த 'ஜகமே தந்திரம்' 2021இல் வந்ததே, மதுரை ரவுடியை லண்டனுக்குக் கொண்டுபோன படம். அகதிகள் விஷயத்தைத் தொட்டவரைக்கும் அதில் ஒரு நெருப்பு இருந்தது. மற்ற இடத்தில் லண்டன் வெறும் திரைச்சீலையாகத்தான் தொங்கியது என்பது என் அபிப்பிராயம். நீ சண்டைக்கு வருவாய், வா.

மணிக்கூண்டு ஒன்று வருகிறதே 'இன் ப்ரூஜ்' படத்தில், முந்நூற்று அறுபத்தாறு படி. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் மலைக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் படி ஏறின நமக்கு அதெல்லாம் திண்ணை. ஆனால் அந்தக் கூண்டின் உச்சியிலிருந்து கென் விழுகிற இடத்தில் எனக்கு வேறொரு படம் ஞாபகம் வந்து, இரவு தூக்கம் வரவில்லை.

'மந்திரி குமாரி'. 1950, மாடர்ன் தியேட்டர்ஸ். கலைஞர் கருணாநிதி கதை, வசனம். தமிழ் பேசத் தெரியாத அமெரிக்காக்காரர் எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் சேர்ந்து இயக்கினார்கள். எம்.ஜி.ஆர்தான் கதாநாயகன், ஆனால் படம் அவருடையது இல்லை. ராஜகுருவின் மகன் பார்த்திபனாக வருகிற எஸ்.ஏ.நடராஜனுடையது. பகலில் பெரிய வீட்டுப் பிள்ளை, ராத்திரியில் கொள்ளைக்கூட்டத் தலைவன். கொள்ளை என்பதும் ஒரு கலைதானே என்று அவன் வாதாடுகிற இடத்துக்கு ஜனங்கள் சிரித்துக் கைதட்டுவார்கள். நான் ரெப் ஆன காலத்தில் அது பழைய படம், இருந்தாலும் டூரிங் கொட்டகைகளுக்கு மறு ஓட்டம் போய்க்கொண்டே இருந்தது. எத்தனையோ ஊரில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்தப் பார்த்திபன் கட்டின பெண்டாட்டியைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். எப்படி? காதல் பாட்டுப் பாடிக்கொண்டு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினது, ஜி.ராமநாதன் மெட்டு. அவ்வளவு குழைவான பாட்டு. தேனிலவுக்குப் போகிற மாதிரி அவள் பின்னாலேயே போகிறாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. உச்சிக்குப் போனதும் உன்னைத் தள்ளப் போகிறேன் என்கிறான். சாவதற்கு முன்னால் புருஷனை மூன்று தடவை வலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று கேட்கிறாள். அவனும் பெருமையாக நிற்கிறான். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாவதில் முதுகுப் பக்கம் வந்தவள் தள்ளிவிடுகிறாள்.

நான் சொன்னேனே, திரைக்கு முதுகு காட்டி நிற்பவன் என்று. மூன்றாம் சுற்று வரும்போது மணலில் உட்கார்ந்திருக்கிற பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். கதை தெரிந்தவர்கள், நாலாம் தடவை பார்ப்பவர்கள், அவள் இரண்டாம் சுற்று வரும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பு. அவன் விழுந்ததும் ஒரு குலவை வரும். அதற்கு அடுத்த நிமிஷம் கொட்டகை முழுக்க ஒரு அமைதி விழும் பார், அதை உன் ஸ்டீரியோ, டால்பி எதிலும் பதிவு செய்ய முடியாது. ஏனென்றால் திரையில் அந்தப் பெண்டாட்டியாக வருகிற மாதுரி தேவி ஜெயித்த முகத்தோடு நிற்கவில்லை. தாலி கட்டினவனைத் தானே கொன்றவள் நிற்கிறாள். பக்தியையே ஆயுதமாக எடுத்து, பதிவிரதை செய்கிற காரியத்தைச் செய்து கொன்றிருக்கிறாள். இதைவிடக் கறுப்பான நகைச்சுவையை எந்த ஐரோப்பாக்காரன் எழுதினான்? இது கருணாநிதி சொந்தமாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றான குண்டலகேசியின் கதை. காப்பியம் தொலைந்து, சில பாட்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அந்த மூன்று சுற்று மட்டும் தொலையாமல் ஆயிரம் வருசம் தாண்டி மல்லசமுத்திரம் கொட்டகை வரைக்கும் வந்துவிட்டது.

அதே கம்பெனியில் அப்புறம் ஜெய்சங்கரை வைத்து 1966இல் 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று வரிசையாக எடுத்தார்கள். சுந்தரம் 1963இல் காலமாகி, மகன் ராமசுந்தரம் நடத்தின காலம். வசூலில் குறை சொல்ல மாட்டேன், எனக்குப் படி அளந்த படங்கள். அவற்றிலும் பிணம் நிறைய விழும். ஆனால் ஆட்டம் முடிந்து கடைசி பஸ்ஸில் திரும்புகிறவர்கள் யாரும் செத்தவனைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சண்டையைப் பேசுவார்கள், காரைப் பேசுவார்கள். பார்த்திபனைப் பற்றி மட்டும் பஸ் முழுக்கப் பேசுவார்கள். அவன் செத்தது சரியா, அவள் செய்தது சரியா என்று கண்டக்டர்வரை பஞ்சாயத்து நடக்கும்.

உன் கதை இப்போதைக்கு அந்தக் கார் படங்களின் பக்கம் நிற்கிறது. பார்த்திபன் பக்கம் நகர்த்த முடியும். எப்படி என்பதற்கு நம்ம வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியும், உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

என் சின்ன சித்தப்பா இறந்தபோது நடந்தது. ஊருக்கு நல்லவர், காசு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கை நீளம். ஐஸ் பெட்டி வந்து இறங்கியது, அதன் பிளக் எங்கள் வீட்டு ஓட்டையில் நுழையவில்லை. நான்கு பேர் அதைச் சரிசெய்யக் கூடி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, வீட்டு மின்சாரத்தையே போக்கிவிட்டார்கள். சித்தி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்லாகிவிட்டார் என்று பெண்களெல்லாம் பயந்து, "அழு, அழுதுரு" என்று உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது சீட்டுக்காரர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார். காலைத் தொட்டார். பிறகு குனிந்து, பிணத்தின் காதோரமாக, ஆனால் வாசல்வரை கேட்கிற மாதிரி அழுதார்: "எட்டாம் மாசமே சீட்ட எடுத்துட்டு, மிச்சம் பன்னெண்டு மாசத்த என்ற தலைல போட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா!"

பறை அடிக்கிறவர்கள்கூட ஒரு விநாடி நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருத்தர் அடக்க முடியாமல் கனைத்தார். சித்தி தலை நிமிர்ந்து சீட்டுக்காரரைப் பார்த்தார். "உடுங்க. அவரு எனக்கும்தான் பாக்கி வெச்சுட்டுப் போயிருக்கறாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எழவு வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் வாயிலேயே திரும்பி அழுகையானது. அதற்கப்புறம் பிணம் எடுக்கும்வரை அவரை யாராலும் தேற்ற முடியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அதே சீட்டுக்காரர் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சித்திதான் அவருக்கு இலையில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினார். பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது வேறு கதை.

எழவு வீட்டில்தான் நம்ம ஜனங்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரிப்பார்கள், அம்மிணி. மைத்துனன் முறைக்காரன் கேலி பேசுவான், கோடித் துணியில் யாருடையது மட்டமென்று பெண்கள் முணுமுணுப்பார்கள், குடித்துவிட்டு ஒருத்தன் பாடைக்கு முன்னால் ஆடுவான். நீ இங்கிலீஷில் 'பிளாக் காமெடி' என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு எனக்குத் தெரிந்த தமிழ் எழவு வீட்டுச் சிரிப்பு. எழவு வீட்டைக் கட்டாமல் அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாய்.

குற்றம் என்றால் துப்பாக்கிதான் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வை. நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த 2012ஐ நினைத்துப் பார். பெருந்துறை சுசி ஈமு பண்ணை. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதமானால் ஆறாயிரம் பணம். நடிகர்கள் டி.வி.யில் வந்து சிபாரிசு செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் பறவை, ஆள் உயரம், பறக்கத் தெரியாது, முட்டை பச்சை. தென்னந்தோப்புக்குள் அது ஓடுவதைப் பார்த்து எங்கள் ஆடுகள் மிரண்டன. ஜனங்கள் நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. பணம் வரவில்லை, தீவனம் வரவில்லை. கொட்டகையில் பறவைகள் பட்டினியில் சாக, கடைசியில் அரசாங்கம் தீவனம் போட வேண்டி வந்தது. பணத்தை இழந்தவன் பறவையைத் தின்னவும் மனசில்லாமல், விற்கவும் ஆளில்லாமல், அது தன்னை அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணாந்துகூட இல்லை, நேருக்கு நேர்! ஒரு குண்டுகூட வெடிக்காத இந்தக் குற்றத்தில் உன் ஏழு கொலையைவிடச் சிரிப்பும் அதிகம், சாவும் அதிகம். உன் ரவுடிகள் ப்ராக்குக்கு ஓடினது ஏன் என்று முதல் பக்கத்தில் காரணமே இல்லை. பெருந்துறையிலிருந்து இப்படி எதிலாவது மாட்டிக்கொண்டு ஓடினவர்களாக இருக்கலாமே. எழுதச் சொல்லவில்லை, யோசிக்கச் சொல்கிறேன்.

நம்ம திருச்செங்கோட்டு எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' நாவலைப் படி. சினிமாக் கொட்டகையில் வேலை பார்க்கும் பையன்களைப் பற்றியது. அதில் யாரும் தமாஷ் செய்வதற்காகத் தமாஷ் செய்வதில்லை. பசியில் பேசுகிறார்கள், நமக்குச் சிரிப்பு வருகிறது. உன் ஆட்கள் எல்லாரும் வசனம் பேசுவதற்கு முன்னால் கண்ணாடியில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். ரே ஒரு முட்டாள், அவனுக்குத் தான் சொல்வது வேடிக்கை என்றே தெரியாது. அதுதான் விஷயம்.

இனி கறாராகச் சொல்கிறேன். ஏழு கொலையில் ஐந்தை எடுத்துவிடு. கடைசிக் கொலை இருக்கட்டும், இருபத்து மூன்றாம் பக்கத்துக் காவலாளி இருக்கட்டும். பாலத்தில் காபி குடிக்கிற காட்சியை அடித்துவிட்டு, அங்கே அவர்கள் அந்தக் காவலாளியின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்க்கட்டும். அவன் இன்னும் சாப்பிடவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பசி வேறு. சாப்பிடுவார்களா மாட்டார்களா என்பதை நீ முடிவு செய். அதில் உனக்கு இருபது நிமிஷப் படம் இருக்கிறது, சிரிப்பும் அதில்தான் இருக்கிறது.

பனியை நான்கு காட்சியாகக் குறை. அறுபத்தொன்றாம் பக்கத்தில் அந்த ஹோட்டல்காரி இவர்கள் தமிழில் திட்டுவதை வாழ்த்தென்று நினைத்து நன்றி சொல்கிறாளே, அதைத் தொடாதே. உன் அம்மாயிக்கு அதை மட்டும் படித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

காவலாளிக்கு ஒரு பேர் வை. அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுது, படத்தில் வராவிட்டாலும் பரவாயில்லை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. இந்தத் தடவை கொஞ்சம் பெரிய எழுத்தில்.

உன்
அப்புச்சி